தஞ்சாவூரில் எந்த வரிசையில் நிற்கலாம்?

சுற்றுலா போகிற நமக்குக் கிடைப்பது ஒரே பகல். எல்லா வரிசையிலும் நின்றால் பாதி ஊரைப் பார்க்காமலே பஸ் ஏற வேண்டியதுதான்!

நந்தி முன்னால் போட்டோவுக்கு முண்டியடிக்க வேண்டாம். அது 12 அடி உயரம், தள்ளி நின்றாலே நல்லா தெரியும்.

அரண்மனைக் கலைக்கூட டிக்கெட்டுக்குக் கட்டாயம் நிற்கலாம். அங்கே திருவெண்காட்டில் கிடைத்த செப்புச்சிலைச் சிவன் இருக்கிறார். பக்கத்தில் காளை இல்லை. ஆனால் அவர் கையூன்றிச் சாய்ந்து நிற்கிற அழகில், காளையும் இருக்கிற மாதிரியே தோணும்.

வரிசையே இல்லாத இடம், பெரிய கோயில் மதில் கல்வெட்டு. ஆடல் பெண்கள் 400 பேரை, பெயரும் வீடும் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். ராஜராஜன் பெயர் எல்லாருக்கும் தெரியும். இவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? தோழிகளே, ஆசிரியரைக் கேட்டு ஒரு பெயராவது படிச்சுட்டு வருவோம்!

– 9ஆம் வகுப்பு மாணவி