ஐ-செவன் மோகமும் அப்பாவின் சேமிப்பும்

மே, ஜூன் மாதங்களில் தில்லி நேரு பிளேஸ் பக்கம் போகிறவர்கள் இந்தக் காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ளும் அப்பா. பிளஸ் டூ முடித்த மகனோ மகளோ பக்கத்தில். இருவரையும் மறித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசும் கடைப் பையன். "ஐ-செவன் ஹை, பாய்சாப்! இருபத்தைந்தாயிரத்தில் ஐ-செவன் எங்கே கிடைக்கும்?" மகன் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம், ஐந்தைவிட ஏழு பெரியது. அப்பாவுக்கும் அதேதான் தெரியும். பணம் கைமாறுகிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது ஐ-செவன்தான். 2012ஆம் ஆண்டின் ஐ-செவன். பத்து ஆண்டு கழித்து வந்த சாதாரண ஐ-த்ரீ அதை ஓட்டத்தில் எளிதாக முந்திவிடும். இன்டெல் சிப்பின் பெயரில் ஐ-செவன், ஐ-ஃபைவ் என்பதெல்லாம் பேருந்தில் டீலக்ஸ், எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருப்பது போல. வண்டி எந்த வருடத்தியது என்பது அதையடுத்து வரும் எண்ணில் இருக்கிறது. 3520 என்று இருந்தால் மூன்றாம் தலைமுறை. 1215 என்று இருந்தால் பன்னிரண்டாம் தலைமுறை. மக்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஆரம்பித்த நேரத்தில், 2023 டிசம்பரில் இன்டெல் பெயரையே மாற்றி 'கோர் அல்ட்ரா' என்று ஆரம்பித்துவிட்டது. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யும் சளைத்ததல்ல. ரைசன் 7520 என்பதில் முதலில் இருக்கும் ஏழைப் பார்த்துப் புதுச் சரக்கு என்று நினைத்தால், மூன்றாவது இடத்தில் இருக்கும் 2தான் உண்மையைச் சொல்கிறது. உள்ளே இருப்பது 2019இல் வந்த பழைய வடிவமைப்பு.

மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு என எங்கே போனாலும் கதை இதுதான். இதில் வெறும் ஏமாளித்தனம் என்று சிரிக்க எதுவும் இல்லை. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2017-18இல் எடுத்த கணக்கின்படி, கிராமங்களில் நூறு வீடுகளில் நான்கைந்தில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. நகரங்களில்கூட நான்கில் ஒரு வீட்டுக்கும் குறைவு. ஆகவே கடையில் நிற்கும் குடும்பங்களில் பலவற்றுக்கு இது முதல் கம்ப்யூட்டர். வீட்டில் யோசனை கேட்க அண்ணன் இல்லை, சித்தப்பா இல்லை. மாட்டையோ மோட்டார் சைக்கிளையோ வாங்கப் போனால் பல்லைப் பார்க்கவும் என்ஜின் சத்தத்தைக் கேட்கவும் தெரிந்த ஆள், இங்கே அட்டைப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு வருடச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு.

போன் இருக்கிறதே, போதாதா? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன்தான் வகுப்பறையானது. அது யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்துப் படிப்பும் நடந்தது. 2024ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வு, கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும் என்று சொன்னது. முந்தைய ஒரு வாரத்தில் அதைப் படிப்பு சம்பந்தமாகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைத்தளங்களுக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். இயக்கத் தெரிந்த பையன்களில் 36 சதவீதம் பேரிடம் சொந்தப் போன் இருந்தது. பெண்களில் 27 சதவீதம்தான். தங்கைக்கு அண்ணனின் போன் கிடைப்பது அவன் தூங்கிய பிறகு.

பாடம் கேட்க, வீடியோ பார்க்க, சந்தேகம் கேட்டு ஆசிரியருக்குப் படம் எடுத்து அனுப்பப் போன் போதும். என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் இலவசமாகவே இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. ஆனால் ஆறங்குலத் திரையில் ஒரு பக்கத்தை இழுத்து இழுத்துப் படிப்பவன் பத்தாவது பக்கத்தில் விட்டுவிடுவான். படிப்பதுதான் முக்கிய வேலை என்றால் பத்தங்குல டேப்லெட் நல்ல சாமான். ஆனால் பத்துப் பக்கக் கட்டுரை எழுத வேண்டும், கணக்குப் பட்டியல் போட வேண்டும், புரோகிராம் எழுத வேண்டும் என்றால் கீபோர்டு இல்லாமல் காரியம் நடக்காது. டேப்லெட்டோடு தனியாகக் கீபோர்டும் உறையும் வாங்கிச் சேர்த்துப் பார்த்தால் பல சமயம் லேப்டாப் விலைக்கே வந்து நிற்கும்.

பெற்றோர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. மவுஸ். பி.இ., பி.டெக். சேர்க்கைக்கான ஜே.இ.இ. மெயின் 2019இலிருந்து முழுக்கக் கம்ப்யூட்டரில் நடக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. 2022இல் கம்ப்யூட்டர் தேர்வாகவே பிறந்தது. இரண்டு வருடம் போனில் பாடம் கேட்டு, காகிதத்தில் கணக்குப் போட்டு, கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டிய வீட்டுப் பிள்ளை, தேர்வு அறையில் முதல் முறையாக மவுஸைத் தொடுகிறது. எண்ணில் விடை கேட்கும் கேள்விகளுக்குக் கீபோர்டைத் தட்ட முடியாது. திரையில் தெரியும் எண் பலகையில் ஒவ்வொரு இலக்கமாக மவுஸால் அமுக்க வேண்டும். பழக்கம் இல்லாத கைக்கு இதில் கரையும் விநாடிகள் தரவரிசையில் ஆயிரக்கணக்கான இடங்கள். இதற்கு ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப் தேவையே இல்லை. ஒரு பழைய டெஸ்க்டாப்பும் இருநூறு, முந்நூறு ரூபாய் மவுஸும் போதும். தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசம்.

டெஸ்க்டாப் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு அதைவிடச் சிக்கனமானது இல்லை. கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றலாம். திரை பெரியது. கூடத்தில் ஒரே இடத்தில் இருப்பதால் பிள்ளை என்ன செய்கிறது என்று அம்மா சமையலறையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மின்வெட்டு உள்ள ஊரில் யு.பி.எஸ். செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு மட்டும் லேப்டாப் தவிர வேறு வழியில்லை.

அரசாங்கமே வாங்கிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா? 2010இல் மத்திய மனிதவளத் துறை அமைச்சர் கபில் சிபல் 35 டாலர் கம்ப்யூட்டர் என்று ஒன்றைக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2011 அக்டோபர் 5ஆம் தேதி 'ஆகாஷ்' டேப்லெட்டாக அது வெளிவந்தபோது விலை சுமார் 50 டாலர். 366 மெகா ஹெர்ட்ஸ் சிப், 256 எம்.பி. ராம், விரலால் அழுத்தினால் மட்டும் அசையும் ஏழங்குலத் திரை. மாணவர்கள் கையில் எடுத்ததும் குறைகள் வரிசையில் நின்றன: மெதுவாக ஓடுகிறது, பேட்டரி நிற்கவில்லை, திரை கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் மேம்பட்ட 'ஆகாஷ்-2' வந்தது. அதற்குள் சந்தை வேறு எங்கோ போய்விட்டிருந்தது. முதலில் விலையை முடிவு செய்துவிட்டு அதற்குள் கம்ப்யூட்டரை அடைக்கப் பார்த்ததுதான் அங்கே நடந்த கோளாறு. கடையில் நிற்கும் அப்பா செய்வதும் பெரும்பாலும் அதையேதான்.

உத்தரப் பிரதேசத்தில் அகிலேஷ் யாதவ் அரசு 2013இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்குச் சுமார் 19,000 ரூபாய் விலையில் எச்.பி. லேப்டாப்களை வழங்கியது. திறந்தவுடன் திரையில் அப்பா, மகன் இருவர் படமும் சிரித்தது. தமிழகத்தில் 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் தலைவர் படத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் இரண்டு மாநிலங்களிலும் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் நுழைந்தது அப்படித்தான். இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பிரதமரின் இலவச லேப்டாப்' செய்திகள் வேறு ரகம். அவை போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் பணியகம் பலமுறை சொல்லியாகிவிட்டது. லிங்க்கை அமுக்கினால் போவது ஆதார் எண்ணும் வங்கி விவரமும்.

சரி, புது லேப்டாப்தான் என்று முடிவு செய்தால் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. சிப்பை விட்டுவிட்டு முதலில் ராமைப் பார்ப்பது நல்லது. எட்டு ஜி.பி.க்குக் குறைந்தால் பத்து ஜன்னல்கள் திறந்ததும் மூச்சு வாங்கும். நான்கு வருடப் படிப்புக்குப் பதினாறு இருந்தால் கவலையில்லை. எட்டோடு வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது பழைய சாமர்த்தியம். இப்போது பல மாடல்களில் ராமைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், கூட்டவே முடியாது. கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். 2025 கடைசியிலிருந்து உலக அளவில் மெமரி சிப்களின் விலை ஏறியதால், பட்ஜெட் மாடல்களில் ராமைக் குறைக்கும் ஆசை கம்பெனிகளுக்குக் கூடியிருக்கிறது.

அடுத்தது சேமிப்பு. எஸ்.எஸ்.டி. என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், 512 ஜி.பி. இருந்தால் நல்லது. மிக மலிவான லேப்டாப்களில் 64 ஜி.பி. 'ஈ.எம்.எம்.சி.' என்று ஒன்று வரும். போனில் இருப்பது போன்ற மெமரி அது. விண்டோஸின் இரண்டு அப்டேட்டிலேயே வயிறு நிரம்பிவிடும். பிறகு பிள்ளையின் பிராஜெக்டுக்கு இடம் ஏது?

மற்றதெல்லாம் படிப்பைப் பொறுத்தது. வணிகவியல் மாணவருக்கு டேலி வேண்டும், டேலி விண்டோஸில்தான் ஓடும். மெக்கானிக்கல், சிவில் மாணவருக்கு வேண்டிய சாலிட்வொர்க்ஸ் போன்றவையும் அப்படியே. இவர்கள் குரோம்புக்கின் விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. ஆப்பிள் மேக்கும் இவர்களுக்குத் தலைவலிதான். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கும் என்றாலும், பொறியியல் சாஃப்ட்வேர் ஓடுமா என்று கல்லூரி சீனியரிடம் கேட்காமல் வாங்குவது ஆபத்து. கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றதும் கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பையன்கள் அநேகம். முதல் இரண்டு வருடப் பாடத்துக்கு அது தேவைப்படாது. ஏ.ஐ. பயிற்சிக்குக் கூகுளின் 'கோலாப்' இணையத்திலேயே ஓரளவு இலவசமாக இருக்கிறது. கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், சார்ஜர் தனி. மதியத்துக்குள் பேட்டரி காலி. அடம் எதற்காக என்பது அப்பாவுக்கும் தெரியும். சட்டம், வரலாறு, இலக்கியம் படிக்கிறவர்களுக்குக் கண் வலிக்காத திரையும் நல்ல கீபோர்டும்தான் முக்கியம். கடையிலேயே பத்து வரி அடித்துப் பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை.

கையில் இருபதாயிரம்தான் இருக்கிறது என்றால்? மலிவான புது லேப்டாப்பைவிட நல்ல பழைய லேப்டாப் மேல். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் நேரு பிளேஸில் குவிந்து கிடக்கின்றன. உழைக்கிற ஜாதி. ஆனால் ஒரு கோடு உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். அதற்கு முந்தையதைத் தள்ளிவிடத்தான் கடைகளில் இப்போது அவசரம். ஆரம்பத்தில் பார்த்த 'ஐ-செவன்' இந்தக் கோட்டுக்கு ரொம்பவே கீழே. அதைக் காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது என்றாலும் குப்பையில் போட வேண்டியதில்லை. ஒரு எஸ்.எஸ்.டி.யை மாட்டி லினக்ஸ் போட்டால் எழுதவும் படிக்கவும் புரோகிராம் பழகவும் உதவும். கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது.

பழையதை வாங்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட விட்டால் பேட்டரியின் வண்டவாளம் தெரிந்துவிடும். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு உள்ளே இருக்கிறதா என்று ஒரு முறை அணைத்து, ஆரம்பத்திலிருந்து திறந்து பார்ப்பதும் அவசியம். 'விண்டோஸ், ஆஃபீஸ் எல்லாம் ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறோம்' என்றால் அது திருட்டுப் பிரதி, கூடவே வைரஸும் இலவசம். பல கல்லூரிகள் தரும் மின்னஞ்சல் முகவரியைக் காட்டினால் மைக்ரோசாஃப்டே இணையவழி ஆஃபீஸை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது.

எல்லாம் பேசி முடித்த பிறகு கடைக்காரர் கடைசியாக ஒன்று கேட்பார்: "பில் வேண்டுமா? வேண்டாமென்றால் ஜி.எஸ்.டி. மிச்சம்." புது லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நாற்பதாயிரத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் லேப்டாப்பின் சீரியல் எண்ணோடு பில் கையில் இருந்தால்தான் மூன்றாம் மாதம் திரை இருண்டுபோகும்போது வாரண்டி பேச முடியும். கம்பெனி கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யும்போதும் அவர்கள் கேட்பது அந்தத் துண்டுக் காகிதத்தைத்தான்.