மடிநோய்ப் பரீட்சையும் மயிரிழைக் கால்வாயும்

பசுவின் மடி வீங்கிப் பாலில் திரிதிரியாகக் கட்டி விழுமாயின், அது மடிநோய் என்பதை எவரும் அறிவர். ஆனால் மடியிலும் பாலிலும் யாதொரு மாறுதலும் தோன்றாமல் நோய் உள்ளே மறைந்திருப்பதும் உண்டு. கறவை குறைந்ததற்குக் குடியானவர் தீவனத்தையோ பருவத்தையோ குறைகூறி இருந்துவிடுகிறார். நோயை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் பாலில் பெருகுவதே இதற்கு அடையாளம். ஒரு மில்லிலிட்டர் பாலில் உயிரணுக்கள் 2 லட்சத்துக்கு மேற்படின் சந்தேகங்கொள்ள வேண்டும்.

இத்தகைய அணுக்களைப் பிரித்தறியும்பொருட்டு, மயிரிழையளவான கால்வாய்கள் அமைந்த சிறு வில்லைகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வளவு குறுகிய வழியில் திரவம் சுழிக்காமல் சீராக ஓடுமாதலால், துகளின் பருமனுக்கேற்ப அதன் பாதையை வகுக்கலாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையார் 2004-இல் நுண்ணிய தூண்களை வரிசை வரிசையாக, ஒவ்வொரு வரிசையும் சற்றே விலகி நிற்குமாறு அமைத்தனர். சிறு துகள் தூண்களின் இடையே நெளிந்து ஓட்டத்தோடு சென்றது. பெருந்துகள் ஒவ்வொரு தூணாலும் ஒதுக்கப்பட்டு ஒருபக்கமாய் விலகியது. 0.8, 0.9, 1.03 மைக்ரான் குறுக்களவுள்ள மணிகள் 40 விநாடிகளில் வெவ்வேறாயின. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு.

இவ்வித்தை போற்றத்தக்கதே. எனினும் அங்கே ஓடியவை ஒரே சீராய் வார்த்த மணிகள். தொழுவத்துப் பால் அத்தன்மையதன்று. பாலின் கொழுப்புத் திவலைகளுள் பெரியவை 10 மைக்ரான் வரை இருக்கும். வெள்ளை அணுக்களும் ஏறக்குறைய அப்பருமனே. எருமைப்பாலிலோ கொழுப்பும் அதிகம், திவலையும் பெரிது. கொழுப்பை அணுவென்று கருவி கணக்கிட்டால், நோயற்ற மாட்டுக்கு வீண் மருந்தும், அம்மருந்து நீங்கும்வரை பாலைக் கொட்டும் நஷ்டமும் நேரும். அணுவைத் தவறவிட்டால், கறப்பவர் கைவழியே மற்ற மாடுகளுக்கும் நோய் பரவும்.

ஆதலின், எந்தக் கருவியையும் மணிகளைக்கொண்டு செய்த சோதனையை மட்டும் நம்பி ஏற்றல் தகாதென்பது நமது அபிப்பிராயம். அவ்வூர்ப் பசு, எருமைகளின் புதுப்பாலைப் பூதக்கண்ணாடியின் கீழ் எண்ணிய கணக்கோடு கருவியின் கணக்கும் ஒத்திருத்தல் வேண்டும். அதுவரை, 1957-இல் கலிபோர்னியாவில் வெளியான எளிய பரீட்சை இருக்கவே இருக்கிறது: நான்கு குழித் தட்டில் காம்புக்கொரு குழியாகப் பாலைக் கறந்து, சவர்க்காரம் போன்ற திரவத்தைச் சேர்த்துச் சுழற்றினால், அணுக்கள் மிகுந்த பால் கூழாகத் திரளும். கூட்டுறவுச் சங்கப் பணத்தில் கருவி வாங்க முற்படும் கிராம அதிகாரிகள், விலையைக் கேட்குமுன் பாலில் சோதித்த கணக்கைக் கேட்பார்களாக.