எழுத்துக்கு ஒரு விடுமுறை



இன்று மே 24. பல்கேரியாவில் அரசு விடுமுறை. எதற்காக என்றால், எழுத்துக்காக! பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பூக்களோடு ஊர்வலம் போவார்கள். சிரில், மெத்தோடியஸ் என்ற இரு சகோதரர்களின் படங்களுக்கு மாலை சூட்டுவார்கள்.

"சார் எதற்குத் திடீரென்று பல்கேரியாவுக்குப் போய்விட்டார்?" என்று சிலர் சிரிப்பீர்கள். காரணம் உண்டு. உங்களில் பலருக்கு 1878ஆம் ஆண்டு பெர்லின் மாநாட்டை நான்தான் நடத்தினேன். பிஸ்மார்க் என்ன நினைத்தார், டிஸ்ரேலி என்ன கேட்டார், ரஷ்யா எதை இழந்தது என்று கரும்பலகை நிறைய எழுதிப் போட்டேன். யாருடைய மண்ணைப் பங்கு போட்டார்களோ அந்த மக்களைப் பற்றி ஒரு வரி சொன்னதாக நினைவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் அது உறைத்தது.

பல்கேரியாவின் தேசிய நாள் இன்று அல்ல, மார்ச் 3. 1878இல் அந்த நாளில்தான் இஸ்தான்புல் பக்கத்தில் சான் ஸ்டெஃபானோ என்ற ஊரில் ரஷ்யாவும் உதுமானியப் பேரரசும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு ஆட்சி முடிந்து, டான்யூப் நதி முதல் ஏஜியன் கடல் வரை பரந்த ஒரு பல்கேரியா காகிதத்தில் பிறந்தது. அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒரு பல்கேரியர்கூட இல்லை. ஜூலை மாதம் பெர்லினில் கூடிய வல்லரசுகள் அதை மாற்றி எழுதிவிட்டன. வடக்கே ஒரு சிற்றரசு, தெற்கே கிழக்கு ருமேலியா என்று ஒரு மாகாணம், மாசிடோனியா மறுபடியும் சுல்தானிடம்.

வரைபடம் போய்விட்டது, ஆசை போகவில்லை. 1913இல் நேற்றுவரை கூட்டாளிகளாக இருந்த செர்பியாவோடும் கிரேக்கத்தோடும் பல்கேரியா மோதியதற்கும், இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மனி பக்கம் சாய்ந்ததற்கும் அந்தப் பழைய வரைபடத்தின் மேல் இருந்த ஏக்கம் ஒரு பெரிய காரணம். எத்தனை உயிர்கள்!

இன்னொன்றையும் கேளுங்கள். 1885 செப்டம்பர் 6 அன்று அவர்கள் தாங்களாகவே கிழக்கு ருமேலியாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் இன்று விடுமுறை நாள்தான். அப்போது கோபப்பட்டது யார் தெரியுமா? விடுதலை வாங்கிக் கொடுத்த அதே ரஷ்யா. தன் அதிகாரிகளைப் பல்கேரியப் படையிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. சமயம் பார்த்து செர்பியா படையெடுத்தது. தளபதிகள் இல்லாத படையை இளம் கேப்டன்களே நடத்தி ஸ்லிவ்னிட்சாவில் ஜெயித்தார்கள். இதையும் நான் வகுப்பில் சொல்லவில்லை.

மார்ச் 3ஐ நான் குறைத்துப் பேசவில்லை. 1877 ஆகஸ்டில் ஷிப்கா கணவாயில் ரஷ்யரோடு தோள் சேர்ந்து நின்ற பல்கேரியத் தொண்டர்கள், தோட்டா தீர்ந்தபோது கல்லையும் கட்டையையும் உருட்டிவிட்டு எதிரியைத் தடுத்தவர்கள். அவர்களுக்கு ஒரு நாள் வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு நாட்டின் முதல் நாள் எது என்று கேட்டால் என் ஓட்டு மே 24க்குத்தான்.

அந்தச் சகோதரர்கள் 9ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்கியில் பிறந்தவர்கள். ஸ்லாவிய மக்களின் பேச்சுக்கென்று ஓர் எழுத்தை உருவாக்கினார்கள். அதன் பெயர் கிளகோலித்திக். இன்று நாம் சிரில்லிக் என்று சொல்வது வேறு. அது பின்னால் பல்கேரிய மண்ணில் வளர்ந்தது, பெயர் மட்டும் சிரிலுடையது. (தேர்வில் இதை மாற்றி எழுதினால் பாதி மதிப்பெண்தான்!) அவர்களுடைய சீடர்கள் மொராவியாவிலிருந்து துரத்தப்பட்டபோது, 886இல் அடைக்கலம் கொடுத்து, பள்ளி நடத்தச் சொன்னவர் பல்கேரிய அரசர் முதலாம் போரிஸ்.

இந்த நாளைப் பள்ளி விழாவாக முதலில் கொண்டாடியது 1851இல், ப்ளோவ்திவ் நகரில், நைதன் கெரோவ் என்ற ஆசிரியர் நடத்திய பள்ளியில். சான் ஸ்டெஃபானோவுக்கு 27 ஆண்டு முந்தி! அப்போது நாடு இல்லை, கொடி இல்லை. கோவிலில் வழிபாடும் பெரும்பாலும் கிரேக்க மொழியில். இருந்தது ஒரு பள்ளிக்கூடமும் பிள்ளைகளும்தான். புரட்சிக்காரர் லெவ்ஸ்கி கொஞ்சகாலம் ஊர்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1876 ஏப்ரல் எழுச்சியின் கொடியைத் தைத்த ராய்னாவும் 20 வயது ஆசிரியைதான். எனக்குத் தொழில் பாசம் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டுமே.

நவம்பர் 1 இன்னொரு நல்ல நாள், பள்ளிகளுக்கு விடுமுறை. மக்களை எழுப்பியவர்களின் நாள். அவர்கள் மொழியில் 'புதிதெலி'. அலாரம் கடிகாரத்துக்கும் அதே வேர்ச்சொல்தான்! 1945இல் கம்யூனிஸ்ட் அரசு அதை நீக்கியது, 1992இல் திரும்பி வந்தது.

மே 24ஐயே தேசிய நாள் ஆக்கலாம் என்று 2023இல் அரசியலமைப்புத் திருத்தத்தோடு ஒரு யோசனை வந்தது. பலத்த எதிர்ப்பு. கைவிட்டார்கள். மார்ச் 3ஐ எடுப்பது ரஷ்யாவுக்கு எதிரான அரசியல் என்று ஒரு பக்கம் வாதம். இருக்கலாம், உக்ரைன் போர்க் காலம் வேறு. ஆனால் அந்த யோசனையை அந்தக் கண்ணோடு மட்டும் பார்த்தது எனக்கு வருத்தம்தான். எழுத்துநாளிலும் சண்டை இல்லாமல் இல்லை. பக்கத்து வட மாசிடோனியாவும் இதே மே 24ஐக் கொண்டாடிக்கொண்டு, சகோதரர்கள் எங்களுக்கும் சொந்தம் என்கிறது. சரி, இந்தச் சண்டையில் யாரும் சாக வேண்டியதில்லை.

2026 ஜனவரி முதல் பல்கேரியாவிலும் யூரோதான். அவர்கள் அடித்திருக்கும் 2 யூரோ நாணயத்தில் ஒரு துறவியின் முகம் இருக்கிறது. பைசி என்று பெயர். உங்கள் வரலாற்றையும் மொழியையும் மறந்துவிட்டீர்களே என்று தன் மக்களைக் கடிந்துகொண்டு 1762இல் ஒரு நூல் எழுதியவர். அது பல பத்தாண்டுகள் அச்சேறாமல், கையால் பிரதி எடுக்கப்பட்டே ஊர் ஊராகப் போனது. ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகள் சில்லறை வாங்கும்போது கொஞ்சம் பார்த்து வாங்குங்கள். அந்தத் துறவி கையில் கிடைத்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது எனக்கு ஒன்று எடுத்து வாருங்கள்.