கீழ்த்தொட்டியின் ஊழியர்கள்

கடல்மீன் வளர்க்கும் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி எதற்கு என மாணவர் சிலர் எம்மை வினவினர். மேலிருந்து வழியும் நீர் அங்கே பஞ்சில் வடிந்து, உலர்ந்த முருகைக்கற்களினூடே சென்று, பம்பியால் மீண்டும் மேலேறுகின்றது. கற்களின் துளைகளில் வாழும் பற்றீரியாக்கள், மீன்கழிவில் தோன்றும் அமோனியா நஞ்சை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

மீனில்லாத் தொட்டியில் சிறிது மீனுணவை அழுகவிட்டு, அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்தல் வேண்டும். அவசரப்பட்டு விடும் மீன் மாண்டுபோம். நைத்திரேற்றோ தானே அகலாது. இடையிடையே நீரை மாற்றுதல் வேண்டும்.

நம் யாழ்ப்பாணக் கிணறுகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் சேர்வதும் இந்நைத்திரேற்றே. தொட்டி நீரை மாற்றிவிடலாம். சுண்ணக்கல்லின் அடியில் ஊறும் நீரை யார் மாற்றுவது?