வரைபடத்தின் வாசல்

வானொலியில் நேயர்களைப் பேச அழைக்கும்போது தொலைபேசி எண்ணை ஒருமுறை சொன்னால் போதாது. எதைப் பற்றிப் பேசலாம் என்பதையும் சேர்த்து, திரும்பத் திரும்பச் சொல்வேன். இல்லையென்றால் அழைப்பே வராது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் முகப்புக்கும் இது பொருந்தும். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த உலக வரைபடம், தன்னார்வலர்கள் கைகளால் வளர்வது. 2010-இல் ஹைட்டியை நிலநடுக்கம் உலுக்கியபோது, பல நாட்டுத் தன்னார்வலர்கள் துணைக்கோளப் படங்களைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களை வரைந்தார்கள். மீட்புப் பணிக்கு அது கைகொடுத்தது.

முகப்பில் வரவேற்புக் குறிப்பு இருக்கிறது. ஆனால், தவறைச் சுட்டிக்காட்டும் பொத்தான், வலப்பக்கத்தில் எழுத்தில்லாத சின்னங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. இடத்தைக் குறித்து ஒரு வரி எழுதினால் போதும், வேறொரு தன்னார்வலர் பார்த்துத் திருத்தலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

என்னைக் கேட்டால், முகப்பில் ஒரு கேள்வி பெரிதாக இருக்கட்டும்: "உங்கள் தெருவில் எது விடுபட்டிருக்கிறது?" அதை அவரவர் மொழியில் கேட்கட்டும்.

தோட்டத்துக் கோயிலுக்குப் போகும் செம்மண் பாதை துணைக்கோளத்தின் கண்ணில் படலாம். அந்தக் கோயிலின் பெயர் நம் தாத்தா பாட்டிக்குத்தான் தெரியும். அதைத் தமிழிலேயே சேர்க்கவும் அங்கே வசதி உண்டு.

முகப்பு மாறும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியோடு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் குறியுங்கள்.