இடைவெளியை எதைக் கொண்டு அளப்பது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பீகாரில் எழுத்தறிவு பெற்றோர் 5 கோடிக்கும் மேல். கேரளத்தில் 3 கோடிக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களுக்கும் பட்டை வரைபடம் வரைந்தால் பீகாரின் பட்டை ஏறத்தாழ இருமடங்கு உயரத்தில் நிற்கும். அளவுத்திட்டம் சரி, தலைப்பு சரி, அச்சுகள் சரி. மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். ஆனால் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எழுத்தறிவு பெற்றோர் கேரளத்தில் 94 விழுக்காடு, பீகாரில் ஏறத்தாழ 62 விழுக்காடு. பிழையின்றி வரைந்த படம் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. நடுநிலை வகுப்புகளில் வரைபடத்தை வரைந்து முடிக்கும் வேலையாகவே பெரும்பாலும் வைத்திருக்கிறோம். அதைக் கொண்டு இரு தொகுதிகளை ஒப்பிடச் சொல்லும்போதும் நம் கேள்வி 'எது உயரம்?' என்பதைத் தாண்டுவதில்லை. தொகுதிகளின் அளவைக் கணக்கில் எடுத்தால் மட்டும் போதாது; இரு தொகுதிகளுக்கு இடையிலான வேறுபாட்டை, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இருக்கும் சிதறலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை உள்ள மாணவர்கள் இதைச் சூத்திரமின்றி, வரைபடத்தின் வழியாகவே கற்க முடியும் என்பது இவ்வுரையின் வாதம்.

வகுப்பறைக்கென உருவாக்கிய ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 6 மாணவர்கள் வீட்டிலிருந்து வந்துசேர எடுக்கும் நிமிடங்கள் 8, 9, 10, 10, 11, 12. இன்னொரு பள்ளியில் 11, 12, 13, 13, 14, 15. சராசரிகள் 10, 13. அடுத்து வேறு இரு பள்ளிகள்: ஒன்றில் 2, 6, 10, 10, 14, 18, மற்றதில் 5, 9, 13, 13, 17, 21. இங்கும் சராசரிகள் அதே 10, 13. சராசரிகளை மட்டும் பட்டைகளாக வரைந்தால் இரண்டு ஒப்பீடுகளுக்கும் ஒரே படம்தான் வரும். ஒவ்வொரு மதிப்பையும் ஒரே அளவுள்ள எண்கோட்டின் மேல் புள்ளியாக வைத்து, இரண்டு பள்ளிகளையும் மேலும் கீழுமாக வரைந்தால் கதை மாறிவிடுகிறது. முதல் இணையில் ஒரு பள்ளியின் 6 பேரில் 4 பேர், மற்ற பள்ளியின் எவரையும்விடக் குறைந்த நேரத்தில் வந்துவிடுகிறார்கள். இரண்டாம் இணையில் 'விரைவான' பள்ளியின் கடைசி மாணவர், 'மெதுவான' பள்ளியின் 6 பேரில் 5 பேருக்குப் பின்தங்கி வருகிறார். முதல் இணையில் சராசரி விலக்கம், அதாவது மதிப்புகள் தம் சராசரியிலிருந்து விலகும் தூரங்களின் சராசரி, 1 நிமிடம். 3 நிமிட இடைவெளி அதன் மும்மடங்கு. இரண்டாவதில் சராசரி விலக்கம் 4 நிமிடம்; அதே இடைவெளி அதன் முக்கால் பங்குதான். கண்ணால் கண்ட மேற்கவிதலுக்கு, அதாவது ஒரு தொகுதி மற்றதன் மேல் படியும் அளவுக்கு, இப்போது ஓர் எண் கிடைத்துவிட்டது. கணக்கோ கழித்தல், கூட்டல், வகுத்தலுக்கு மேல் போகவில்லை.

மாணவர்கள் இந்தப் பார்வைக்குத் தாமாக வந்துவிடுவார்கள் என்று இருந்துவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 3 முதல் 9-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களிடம் ஜேன் வாட்சன், ஜொனாதன் மோரிட்ஸ் இருவரும் வகுப்புகளின் மதிப்பெண் வரைபடங்களைக் காட்டி, எந்த வகுப்பு நன்றாகச் செய்திருக்கிறது என்று கேட்ட ஆய்வு 1999-இல் வெளிவந்தது. சம அளவுள்ள வகுப்புகளை ஒப்பிட்டவர்களில் பலர், மாணவர் எண்ணிக்கை வேறுபட்டதும் தடுமாறினார்கள். கேரளம், பீகார் பட்டைகளில் உள்ள சிக்கலும் அதுவே. ஆகவே அளவு வேறுபடும் தொகுதிகளுக்கு நிகழ்வுச் செவ்வகம் வரையும்போது, செங்குத்து அச்சில் நிகழ்வெண்ணுக்குப் பதில் விழுக்காட்டைக் குறிக்கப் பழக்க வேண்டும். தரவை ஏறத்தாழ சம எண்ணிக்கையுள்ள நான்கு பகுதிகளாகப் பிரித்து, நடு இரண்டைப் பெட்டியாகக் காட்டும், ஜான் டூகியின் 1977-ஆம் ஆண்டு நூலால் பரவலான பெட்டிப் படத்தை எடுத்த எடுப்பிலேயே கற்பிப்பதும் நல்லதல்ல. பாக்கர், பீலர், கோனால்டு ஆகிய மூவரும் 2004-இல் சுட்டிக்காட்டியபடி, அதில் தனி மதிப்புகள் மறைந்துவிடுகின்றன. மேலும், பெட்டியின் குறுகிய பகுதியில்தான் தரவு நெருக்கமாக இருக்கிறது. மாணவரோ அகன்ற பகுதியில் ஆட்கள் அதிகம் என்று படிக்கிறார். புள்ளிப் படத்தின் மேலேயே பெட்டியை வரையச் சொன்னால் இந்த மயக்கம் பெரிதும் குறையும். புள்ளி முதலில், விழுக்காட்டுச் செவ்வகம் அடுத்து, பெட்டி கடைசியில் என்பதே பொருத்தமான வரிசை.

நம் பாடத்திட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா? தமிழ்நாட்டின் சமச்சீர் பாடநூல்களில் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியவை 7-ஆம் வகுப்பிலும், நிகழ்வுச் செவ்வகமும் நிகழ்வுப் பலகோணமும் 8-ஆம் வகுப்பிலும் வருகின்றன. திட்ட விலக்கத்துக்கும் மாறுபாட்டுக் கெழுவுக்கும் 10-ஆம் வகுப்புவரை காத்திருக்க வேண்டும். மையத்தை அறிந்த மாணவர் சிதறலை முறையாகச் சந்திக்க மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சந்திக்கும்போது அது வர்க்கமூலக் குறிக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் 2010-இல் வெளியான பொதுப் பாடத்தரங்கள், இரு பரவல்களின் மேற்கவிதலைக் கண்ணால் மதிப்பிட்டு, மையங்களின் இடைவெளியைச் சிதறலின் மடங்காகச் சொல்வதை 7-ஆம் வகுப்பிலேயே கேட்கின்றன. கூடைப்பந்து அணியின் சராசரி உயரம் கால்பந்து அணியினதைவிட 10 சென்டிமீட்டர் அதிகம், அது சராசரி விலக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்பது அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு. அதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. நம் 8-ஆம் வகுப்பில் இருக்கும் வரைபடங்களையே இடைவெளியைச் சிதறலோடு ஒப்பிடும் கேள்விக்குப் பயன்படுத்தினால் போதும்.

இதற்கு மறுப்புகள் எழும். கண்ணை நம்ப முடியாது, எண்தான் துல்லியம் என்பது ஒன்று. அளவுத்திட்டத்தை மாற்றிப் படத்தால் ஏமாற்றலாம் என்பது உண்மைதான். அதற்காகவே இரு படங்களுக்கும் ஒரே அச்சு வேண்டும் என்கிறோம். எண்ணும் ஏமாற்றும். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் தந்த நான்கு தரவுத் தொகுப்புகளில் சராசரியும் சிதறலும் ஒட்டுறவும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். கருதுகோள் சோதனை தெரியாமல் மாதிரியிலிருந்து முழுமைத் தொகுதியைப் பற்றி முடிவு சொல்வது முறையா என்ற கேள்வி இதைவிட வலுவானது. எந்த வேறுபாட்டையும் மெய்யென்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. நியூசிலாந்தின் கிறிஸ் வைல்டு, மாக்சின் ஃபான்குக் முதலியோர் 2011-இல் முன்வைத்த படிநிலை இதற்கு ஒரு வழி காட்டுகிறது: 30 அளவை ஒட்டிய மாதிரிகளில், ஒரு தொகுதியின் இடைநிலை அளவு மற்றதன் பெட்டிக்கு வெளியே விழுந்தால் மட்டுமே வேறுபாடு உண்டு என்று சொல்லலாம். அது இறுதித் தீர்ப்பல்ல. 'சொல்ல முடியாது' என்பதும் சரியான விடையே என்று மாணவருக்கு உணர்த்தும் ஒழுங்கு.

நேரமில்லை என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் புள்ளிப் படத்துக்குத் தேவை கட்டத்தாளும் பென்சிலும்தான். சிதறலைக் கண்ணால் கண்டவருக்கு 10-ஆம் வகுப்பில் மாறுபாட்டுக் கெழுவை மனப்பாடம் செய்ய வேண்டிய சுமை குறையும். இப்போது தரும் நேரம் அப்போது திரும்பக் கிடைத்துவிடும். ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது சிறியது. அடுத்த தேர்வில் 'வரைபடம் வரைக' என்னும் வினாக்களில் ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் ஒரே அச்சில் வரைந்த இரு புள்ளிப் படங்களைத் தந்து, 'இரு தொகுதிகளும் உண்மையில் வேறுபடுகின்றனவா? சிதறலைக் கொண்டு காரணம் கூறுக' என்று கேளுங்கள்.