அதிகாரம் யார் கைக்குத் திரும்புகிறது?

பிரெக்சிட் என்ற சொல்லைக் கேட்டாலே பிரிட்டன் மக்களுக்கு 2019-இல் எரிச்சல் வந்தது. வராமல் என்ன செய்யும்? 2016 ஜூன் 23-இல் ஓட்டுப் போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறு என்றவர்கள் 51.9 விழுக்காடு, இருப்போம் என்றவர்கள் 48.1 விழுக்காடு. 2019-இல் அதற்கு மூன்று ஆண்டு நெருங்கியது. தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரி 15-இல் 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. மார்ச் 12-இல் 149. மார்ச் 29-இல் 58. அந்த மார்ச் 29தான் வெளியேறியிருக்க வேண்டிய நாள்! சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று எட்டு வழிகளை முன்வைத்து உறுப்பினர்களையே கேட்டார்கள். எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. ஐந்து நாள் கழித்து நான்கு வழிகள். நான்குக்கும் இல்லை. கடைசியில் அக்டோபர் 31 வரை வாய்தா வாங்கினார்கள்.

வெளியேறச் சொன்னவர்களும் திட்டினார்கள், இருக்கச் சொன்னவர்களும் திட்டினார்கள். நம்மூரில் இரண்டு பெரிய குடும்பங்கள் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று அடித்துக்கொண்டு திருவிழாவையே நிறுத்திவிடும். அந்தக் கோயிலுக்குள் கால் வைக்க முடியாத சேரி மக்களுக்கு அது யாருடைய சண்டை என்று நன்றாகத் தெரியும். வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்ததும் அந்த வகைச் சண்டைதான். கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் அடுத்த தலைவர் யார் என்ற போட்டிக்கு ஒரு நாட்டையே பணயம் வைத்தார்கள்.

"நாடாளுமன்றம் முடங்கிவிட்டது, எந்த முடிவும் எடுக்க முடியவில்லை" என்று பத்திரிகைகள் எழுதின. இதை நான் ஏற்கவில்லை. முடிவுகள் எடுக்கப்பட்டன. சத்தத்துக்கு நடுவே யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

2018 ஜூலையை எடுத்துக்கொள்வோம். 6-ஆம் தேதி செக்கர்ஸ் மாளிகையில் அமைச்சரவை கூடியது. 8-ஆம் தேதி டேவிட் டேவிஸ் ராஜினாமா. 9-ஆம் தேதி போரிஸ் ஜான்சன் ராஜினாமா. தொலைக்காட்சி முழுக்க அதுதான். அதே மாதம் 23-ஆம் தேதி சமத்துவத் துறை அமைச்சர் பென்னி மார்டன்ட் எழுத்து மூலம் ஓர் அறிக்கை வைத்தார்: சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்கப் போவதில்லை, அதற்காக ஏற்கெனவே இருக்கும் பிரிவையும் வாய்ப்பு வரும்போது நீக்கிவிடுவோம்.

அந்தப் பிரிவு சும்மா வந்ததல்ல. 2010 சமத்துவச் சட்டம் சாதியை "சேர்க்கலாம்" என்றது. பிரிட்டனில் சாதிப் பாகுபாடு இருப்பதற்கான சான்றுகள் உண்டு என்று அரசே கேட்டு வாங்கிய ஆய்வு அந்த ஆண்டே சொன்னது. தலித் அமைப்புகள் விடாமல் போராடின. 2013-இல் நாடாளுமன்றம் "சேர்க்கலாம்" என்பதை "சேர்த்தே ஆக வேண்டும்" என்று மாற்றியது. நாடாளுமன்றம் இட்ட கட்டளையை அரசு ஐந்தாண்டு இழுத்தடித்தது. கருத்துக் கேட்கிறோம் என்று 2017-இல் ஆறு மாதம் ஓட்டியது. பிறகு குப்பையில் போட்டது. சட்டம் போட்டால்தான் சாதி வரும் என்று வாதாடிய இந்து அமைப்புகளுக்கு வெற்றி. மக்கள் தீர்ப்பை மதிக்க வேண்டும், நாடாளுமன்றமே இறையாண்மை உள்ளது என்று மேடைதோறும் முழங்கியவர்களில் எத்தனை பேர் இதைத் தட்டிக்கேட்டார்கள்?

நீதிமன்றத் தீர்ப்பே போதும் என்பது அன்றைய அரசின் சமாதானம். எந்தத் தீர்ப்பு? பீகாரிலிருந்து வீட்டு வேலைக்குக் கூட்டிவரப்பட்ட ஆதிவாசிப் பெண் ஒருவரின் வழக்கு. நாலரை ஆண்டு, வாரம் ஏழு நாளும், நாளுக்கு 18 மணி நேரம் வேலை. கூலி மணிக்கு 11 பென்ஸ் வரை இறங்கியது. தரையில் படுக்கை, பாஸ்போர்ட் முதலாளி கையில். சாதி சில வழக்குகளில் இன மூலத்துக்குள் அடங்கலாம் என்று 2014-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2015-இல் 1,83,773 பவுண்டு சம்பள பாக்கி அவருக்குத் தீர்ப்பானது. "அடங்கலாம்" என்ற ஒரு சொல்லை நம்பி, ஒவ்வொரு தலித் தொழிலாளியும் இப்படித் தனியாக நீதிமன்றம் ஏற வேண்டுமாம்.

இன்னொன்று. சமூகப் பிறப்பிடம், பிறப்பு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனம். ஒன்றியச் சட்டம் செல்லும் இடத்தில் மட்டுமே அது செல்லும் என்றாலும் ஒரு பிடிமானமாக இருந்தது. 2018 வெளியேற்றச் சட்டம் ஒன்றியத்தின் விதிகளைப் பெரும்பாலும் அப்படியே உள்நாட்டுச் சட்டமாக எடுத்துக்கொண்டது. இந்தச் சாசனத்தை மட்டும் குறிப்பிட்டே விட்டுவிட்டது.

நலத்திட்டங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் எஸ்தர் மெக்வே 2018 நவம்பர் 15-இல் பதவி விலகினார். ஒப்பந்தம் பிடிக்கவில்லையாம். மறுநாள் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், பிரிட்டனில் ஐந்தில் ஒருவர், 1 கோடியே 40 லட்சம் பேர், வறுமையில் இருப்பதாக அறிவித்தார். வறுமைக்காகப் பதவி விலகிய அமைச்சர் யாராவது உண்டா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதன் நாடுகள் ரோமா மக்களை எப்படி நடத்துகின்றன என்று நமக்குத் தெரியும். கேள்வி வேறு. 1930-இல் அதே லண்டனில், வட்டமேசை மாநாட்டில், அண்ணல் அம்பேத்கர் எழுப்பிய கேள்வி அது. வெள்ளைக்காரன் ஆட்சி போகட்டும், ஆனால் வருகிற அதிகாரத்தில் எங்கள் மக்களுக்குப் பங்கு எங்கே என்று கேட்டார். "கட்டுப்பாட்டை மீட்போம்" என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்களிடம் இன்று கேட்க வேண்டியதும் அதுதான்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து மீட்ட அதிகாரம் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு வரவில்லை. சாதி பார்த்து வேலை மறுக்கப்பட்டவனுக்கு வரவில்லை. சலிப்பில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்கள் மக்கள். ஆள்பவர்களுக்கு வேண்டியதும் அதுவே. நம் தோழர்கள் அணைக்க வேண்டாம். அந்தச் சட்டப் பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை. "சேர்த்தே ஆக வேண்டும்" என்ற சொல் இன்னும் ஏட்டில் இருக்கிறது. பிரெக்சிட் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று அன்று எவனாவது சொல்லியிருந்தால், என்றைக்குப் பார்ப்பாய் என்று அவனிடம் தேதி கேளுங்கள்.